மலையின் மடிப்பை நடந்தளந்த புரூஸ் ஃபூட்

மலைகளை அசையாப் பொருள் என்று நாம் கருதுகிறோம். உறுதிக்கு உவமை தேடும்போது மலையைத்தான் காட்டுகிறோம். ஆனால் நிலவியல் அறிஞரைக் கேட்டால் வேறு கதை சொல்வார். இன்று சுத்தியல் பட்டால் தீப்பொறி பறக்கும் அதே கருங்கல், ஒரு காலத்தில் பூமியின் ஆழத்தில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் சிக்கி, சேலைக் கொசுவம் போல மடிந்து மடிந்து வளைந்தது என்பார். அந்த மடிப்புகளைப் படித்தறிந்தால்தான் மலையின் வரலாறு விளங்கும்.

நம் பகுதி மலைகளில் இவ்வரலாற்றை முதன்முதலில் முறையாகப் படித்தவர்களுள் ஒருவர் இராபர்ட் புரூஸ் ஃபூட். இப்பெயரைக் கேட்டதும் வரலாற்று மாணவர்களுக்குப் பல்லாவரத்தில் கிடைத்த கற்கருவி நினைவுக்கு வரும். இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தை என்று அவரைப் பாடநூல்கள் போற்றுகின்றன. அது முற்றிலும் பொருந்தும். எனினும் அவர் ஊதியம் பெற்றது கற்கருவி தேடுவதற்காக அன்று. பாறைகளை ஆராய்ந்து படம் வரைவதற்காகவே. அந்தப் பணியை அவர் 33 ஆண்டுகள் செய்தார். ஆங்கிலத்தில் ஃபூட் என்னும் ஒலிக்குப் பாதம் என்று பொருள். எழுத்தில் சிறு வேறுபாடு உண்டெனினும், தென்னிந்தியாவை நடந்தே அளந்த ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வாய்க்காது.

இன்று செயற்கைக் கோள் விண்ணிலிருந்து அரை நிமிடத்திற்குள் படம் பிடித்துவிடும் நிலப்பரப்பை அவர் ஆண்டுக் கணக்கில் சுற்றி வந்தார். அப்படியானால் அவருடைய உழைப்பு பழங்கதையாகிவிட்டதா? அவருடைய வாழ்க்கையை அறிந்துகொண்டு இந்த வினாவுக்கு விடை காண்போம்.

இளமையும் இந்திய வருகையும்

ஃபூட் 1834ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இங்கிலாந்திலுள்ள செல்ட்டன்ஹாம் நகரில் பிறந்தார். அவர் இளைஞராக இருந்த காலம் நிலவியலின் பொற்காலம் எனலாம். பூமியின் வயது சில ஆயிரம் ஆண்டுகளே என்ற நம்பிக்கை தளர்ந்து, பாறை அடுக்குகளைக் கொண்டு காலத்தைக் கணிக்கும் முறை வலுப்பெற்று வந்தது. நிலக்கரிக்கும் இரும்புக்கும் தேவை பெருகியதால், பாறைகளை அறிந்தவர்களை அரசாங்கங்கள் தேடின.

இந்தியாவிலும் 1851இல் தாமஸ் ஓல்டாம் தலைமையில் நிலவியல் அளவைத் துறை தோன்றியது. அத்துறையில் 1858ஆம் ஆண்டு இறுதியில் ஃபூட் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 24. சென்னை மாகாணத்தை ஆராய அனுப்பப்பட்ட சிறு குழுவில் அவருக்கு இடம் கிடைத்தது. ஹென்றி பிளான்ஃபோர்டு, சார்லஸ் ஓல்டாம், வில்லியம் கிங் ஆகியோர் அக்குழுவிலிருந்த மற்ற அறிஞர்கள். இவர்களுள் பிளான்ஃபோர்டு, அரியலூர்ப் பக்கத்தில் கடல்வாழ் உயிர்களின் எச்சங்கள் நிறைந்த படிவுப் பாறைகளை ஆராய்ந்து புகழ் பெற்றார். கிங்கும் ஃபூட்டும் அதற்கு மேற்கே இருந்த பழைய, கடினமான, உருமாறிய பாறைகளை ஆராயும் பணியை ஏற்றனர்.

தமிழோடும் அவருக்குக் குடும்பத் தொடர்பு ஏற்பட்டது. யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் கல்விப் பணி செய்தவரும், தமிழ் அறிஞருமான பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகளை ஃபூட் மணந்தார். தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பில் ஆறுமுக நாவலர் துணைபுரிந்தது இந்தப் பெர்சிவலுக்குத்தான் என்பதைத் தமிழ் இலக்கிய மாணவர்கள் அறிவர்.

79ஆம் எண் படத்தாள்

அக்காலத்தில் இந்திய நிலப்படத் தொகுதி என்ற பெயரில் ஓர் அங்குலத்துக்கு 4 மைல் என்ற அளவில் படத்தாள்கள் வெளிவந்தன. அவற்றுள் 79ஆம் எண் தாளில் திருச்சிராப்பள்ளி, சேலம், தென்னாற்காடு ஆகிய மாவட்டங்களின் பகுதிகள் அடங்கியிருந்தன. அந்தத் தாளுக்குரிய நிலவியல் அறிக்கையைக் கிங்கும் ஃபூட்டும் சேர்ந்து எழுதினர். அது 1864இல் வெளிவந்தது. அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தில்தான் நம் கள்ளக்குறிச்சியும் இருந்தது. பின்னர் 1993இல் விழுப்புரம் மாவட்டமும், 2019இல் கள்ளக்குறிச்சி மாவட்டமும் பிரிந்தன. மாவட்ட எல்லைகள் மாறின, பாறைகள் மாறவில்லை.

தை மாதம் 5ஆம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்கு அண்ணாமலையார் எழுந்தருளும் பெண்ணையாற்றங்கரை ஊர் மணலூர்ப்பேட்டை. அங்கிருந்து தென்மேற்கே சென்றால் கல்வராயன் மலைத் தொடர் வரும். கல்வராயனுக்குத் தெற்கே சேலம் - ஆத்தூர்ப் பள்ளத்தாக்கு. அதற்கும் தெற்கே பச்சைமலையும் கொல்லிமலையும் உள்ளன. மேற்கே சேர்வராயன். சேலத்தை அடுத்து ஒரு பக்கம் கோதுமலை, மறு பக்கம் கஞ்சமலை. இந்த மலைகளும் இவற்றுக்கிடையேயுள்ள சமவெளியும் பெரும்பாலும் வரிப்பாறையாலும் சார்னோக்கைட்டு என்னும் கருநிறப் பாறையாலும் ஆனவை. இவற்றின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் என்று இன்று கணித்துள்ளனர்.

இத்தகைய பாறைகளில் எது மேலடுக்கு, எது கீழடுக்கு என்று காண்பது எளிதன்று. அரியலூரில் கிளிஞ்சல்கள் வழி காட்டும். இங்கே அவை இல்லை. எங்கும் ஒரே வரிகள். எங்கும் ஒரே சாம்பல் நிறம். இந்நிலையில் கிங்குக்கும் ஃபூட்டுக்கும் வழிகாட்டியாக அமைந்தவை காந்த இரும்புப் பாறைகள். கறுப்பும் வெள்ளையுமாக வரியோடிய இப்பாறைகள் மற்றவற்றைவிட உறுதியானவை. மழையும் வெயிலும் பக்கத்துப் பாறைகளை அரித்த பின்னும் இவை முகடுகளாக நிமிர்ந்து நிற்கும். கோதுமலை, கொல்லிமலை, தீர்த்தமலை, கஞ்சமலை முதலிய இடங்களில் காணப்படும் இரும்பு வரிகளை அவ்விருவரும் தொகுதி தொகுதியாகப் பிரித்துக் காட்டினர்.

இந்த இரும்பு உள்ளூர் மக்களுக்குப் புதிதன்று. சேலம் பகுதியில் கருமணலை உலையிலிட்டு இரும்பு எடுக்கும் தொழில் வழிவழியாக நடந்து வந்தது. 1830களில் ஹீத் என்னும் ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் அமைத்த இரும்பாலைக்கும் சேலத்துத் தாதுதான் சென்றது. ஆகவே இரும்பு வரி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது அறிவாராய்ச்சியாக மட்டும் இருக்கவில்லை. ஆயிரக்கணக்கான மக்களின் பிழைப்போடும் அரசாங்கத்தின் வருவாயோடும் சேர்ந்திருந்தது.

வேலை எவ்வாறு நடந்தது என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். கையில் ஒரு சுத்தியல், ஒரு திசைகாட்டி, சாய்வளக்கும் கருவி ஒன்று. பாறை வெளியே தெரியும் இடத்தில் நின்று, அது எந்தத் திசையில் நீண்டு செல்கிறது, எந்தப் பக்கம் எத்தனை பாகை சாய்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அடுத்த பாறை. காந்த இரும்பு நிறைந்த இடத்திலோ திசைகாட்டியின் முள்ளே தடுமாறும். அங்கே கருவியை நம்பாமல், சூரியனையும் தொலைவில் தெரியும் குன்றுகளையும் கொண்டு திசையைக் கணிக்க வேண்டும். மழைக்காலம் கழிந்து நிலம் உலர்ந்த மாதங்களில் கூடாரம் அடித்து ஊர் ஊராகச் செல்வதும், மற்ற மாதங்களில் குறிப்புகளை ஒழுங்குபடுத்தி அறிக்கை எழுதுவதும் அத்துறையின் வழக்கம். சாமான் ஏற்றிய மாட்டுவண்டிக்காரர்களும், வழி காட்டிய ஊர்மக்களும், கல் சுமந்த கூலியாட்களும் இல்லாமல் எந்தப் படத்தாளும் நிறைவேறியிராது. அவர்களுடைய பெயர்கள் அறிக்கைகளில் இடம்பெறவில்லை.

பல்லாவரத்துக் கல்

இவ்வாறு பாறையையே பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தான் 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் அந்தக் கல் தென்பட்டது. சென்னையை அடுத்த பல்லாவரத்தில், படையினர் அணிவகுக்கும் மைதானத்தை ஒட்டிய சரளைக்கல் குழியில் அவர் அதை எடுத்தார். இயற்கையாக உடைந்த கல் எப்படி இருக்கும் என்பதை நன்கு அறிந்தவர் என்பதால், இது மனிதக் கை உடைத்த கல் என்பதை அவர் உடனே உணர்ந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் கிங்குடன் சேர்ந்து, கொற்றலையாற்றங்கரையில் அத்திரம்பாக்கத்தைக் கண்டறிந்தார். ஐரோப்பாவிலேயே பழங்கற்கால மனிதனை அறிஞர் உலகம் ஏற்றுக்கொண்டு அப்போது நான்கு ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கல்லைக் கண்டதோடு ஃபூட் நிற்கவில்லை. அது எந்த ஊரில், எந்தப் படிவில், எந்த அடுக்கில் கிடைத்தது என்பதைப் பாறை மாதிரிகளுக்குச் செய்வதைப் போலவே குறித்து வைத்தார். அதனால்தான் ஒரு நூற்றாண்டு கடந்த பின்னும் ஆய்வாளர்கள் அதே அத்திரம்பாக்கத்துக்குச் சென்று அகழ முடிந்தது. சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் அங்கே நடத்திய அகழாய்வின் முடிவு 2011இல் வெளிவந்தது. அங்கு வாழ்ந்தோர் செய்த கருவிகளின் காலம் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் என்று அது அறிவித்தது. இடத்தைக் குறிக்காமல் எடுத்து வைத்த கல்லாக இருந்திருந்தால், அது கண்ணாடிப் பெட்டியில் ஒரு வேடிக்கைப் பொருளாக மட்டுமே இருந்திருக்கும்.

தார்வார்ப் பாறைகள்

பிற்காலத்தில் ஃபூட்டின் பணி வடக்கே விரிந்தது. தென் மராட்டியப் பகுதி பற்றிய அவருடைய பெரிய அறிக்கை 1876இல் வெளிவந்தது. கோகாக் பக்கத்தில் அழிந்துபோன காண்டாமிருக வகை ஒன்றின் எச்சங்களை அவர் விவரித்தார். 1883இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களைப் பற்றிய அறிக்கை வந்தது. அடுத்து கர்னூல் பகுதியிலுள்ள பில்ல சுர்க்கம் குகைகளைத் தம் மகன் ஹென்றியின் துணையோடு அகழ்ந்தார்.

நிலவியலில் அவருடைய தலையாய பணி இவற்றுக்குப் பின்னர் நிறைவெய்தியது. இன்றைய கர்நாடகத்தில், வரிப்பாறைக் கடலுக்கு நடுவே நீண்ட நீண்ட பட்டைகளாகக் கரும்பச்சைப் பாறைகளும் இரும்பு வரிகளும் ஓடுகின்றன. இவை யாவும் ஒரே தொகுதியைச் சேர்ந்தவை என்றும், பழைய வரிப்பாறைக்குமேல் படிந்து பின்னர் அதனோடு சேர்ந்து மடிந்து இறுக்கப்பட்டவை என்றும் ஃபூட் கூறினார். அத்தொகுதிக்குத் தார்வார் என்று பெயரிட்டார். தென்னிந்தியாவின் பொன் பெரும்பாலும் இத்தொகுதியில்தான் உள்ளது என்பதையும் 1880களின் இறுதியில் எடுத்துக்காட்டினார். கோலாரில் புதிய முறைச் சுரங்கங்கள் வேகம் பெற்ற காலம் அது. மடிப்பைப் புரிந்துகொண்டால் பொன் கிடைக்கும் இடமும் புரியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. தார்வாரின் வயதையும் பிறப்பையும் பற்றிப் பின்வந்தோர் பல திருத்தங்கள் சொன்னார்கள். பெயர் மட்டும் இன்றுவரை நிலைத்துவிட்டது.

ஏர்க்காட்டில் இறுதிக் காலம்

1891இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் அவர் ஓயவில்லை. பரோடா சமஸ்தானத்துக்காக நிலவியல் ஆய்வு நடத்தினார். பிறகு தாம் இளமையில் ஆராய்ந்த சேலம் மலைகளுக்கே திரும்பி, ஏர்க்காட்டில் வீடு அமைத்துத் தங்கினார். வாழ்நாள் முழுதும் சேர்த்த கற்கருவிகளையும் பானை ஓடுகளையும் வகைப்படுத்தி அட்டவணையிட்டார். அந்தத் தொகுப்பை 1904இல் சென்னை அரசு வாங்கி அருங்காட்சியகத்தில் வைத்தது. ஒவ்வொரு பொருளும் கிடைத்த இடத்தைக் கூறும் அட்டவணை 1914இலும், விளக்கக் குறிப்புகள் 1916இலும் வெளிவந்தன. அவற்றை அச்சில் காண அவர் இல்லை. 1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் தமது 78ஆம் வயதில் அவர் காலமானார். ஏர்க்காட்டுத் தேவாலயத்தில் அவருக்கு நினைவுச் சின்னம் உள்ளது.

அவர் காணாத காட்சி

ஃபூட் மறைந்து 60 ஆண்டுகள் கழித்து, 1972 ஜூலையில் முதல் லாண்ட்சாட் செயற்கைக் கோள் விண்ணில் ஏறியது. அதன் ஒரு படத்தின் அகலம் 185 கிலோமீட்டர். சேலத்திலிருந்து கடலூர்க் கடற்கரை வரை எட்டக்கூடிய அகலம். 1988 மார்ச் 17இல் நம் நாட்டின் ஐ.ஆர்.எஸ். 1ஏ பறந்தது. அதன் முதல் வகைப் படக்கருவியில் ஒரு படப்புள்ளி தரையில் ஏறத்தாழ 72 மீட்டருக்குச் சமம். பின்னர் 2005இல் சென்ற கார்ட்டோசாட் 1 அந்த அளவை 2.5 மீட்டராகக் குறைத்தது. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் விண்ணோடம் ஒன்று 11 நாட்கள் பறந்து, ரேடார் கொண்டு உலகின் பெரும் பகுதியின் உயரங்களை அளந்தது.

இந்தப் படங்களில் கஞ்சமலையைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். தரையில் நின்றால் அது ஒரு மலை. வானிலிருந்து பார்த்தால் அது நீள்வட்டம்; தோணி போன்ற வடிவம். இரும்பு வரிகள் அதைச் சுற்றி விளிம்பு கட்டியிருக்கின்றன. கிங்கும் ஃபூட்டும் வரி வரியாகப் பின்தொடர்ந்து சேர்த்ததை ஒரே பார்வையில் காண முடிகிறது. சேலம் - ஆத்தூர்ப் பள்ளத்தாக்கு நேர்கோடு போல் கிழக்கே ஓடுவதும், அதன் வடபுறம் கல்வராயன் எழுந்து நிற்பதும் படத்தில் தெளிவாகத் தெரிகின்றன.

இனிமேல் யாரும் நடக்க வேண்டியதில்லை என்று தோன்றலாம். அங்கேதான் ஒரு சிக்கல் உண்டு.

ஒன்றுக்குள் ஒன்றாகப் பல கிண்ணங்களை அடுக்கி, அவற்றின் நடுவே கிடைமட்டமாக அறுத்தால் வளையம் வளையமாகத் தெரியும். அதே கிண்ணங்களைக் கவிழ்த்து அடுக்கி அறுத்தாலும் வளையங்கள்தாம் தெரியும். நிமிர்ந்த கிண்ணத்தைக் கீழ்வளைவு என்றும், கவிழ்ந்த கிண்ணத்தை மேல்வளைவு என்றும் கூறுவர். மேலிருந்து எடுத்த தட்டையான படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எது எது என்று சொல்வது சாய்வு ஒன்றுதான். பாறை உள்நோக்கிச் சாய்ந்தால் கீழ்வளைவு. வெளிநோக்கிச் சாய்ந்தால் மேல்வளைவு. கஞ்சமலை கீழ்வளைவு என்று சாய்வைக் கொண்டே முடிவு செய்தனர். கீழ்வளைவாயின் தாது மலைக்கடியில் ஓர் ஆழத்தில் கிண்ணத்தின் அடிபோல் முடிந்துவிடும். மேல்வளைவாயின் அது வெளியே சமவெளிக்கடியில் இறங்கிச் செல்லும். இரண்டுக்கும் தாதுவின் கணக்கு வேறு. வெட்டும் இடம் வேறு. அதனால் பாதிக்கப்படும் ஊர்களும் வேறு. திருவண்ணாமலையை அடுத்த கவுத்திமலை, வேடியப்பன் மலைகளில் இரும்புத் தாது வெட்டும் திட்டம் எழுந்தபோது சுற்றுவட்டார மக்கள் எதிர்த்துப் போராடியதை நாம் அறிவோம். பாறையின் சாய்வு ஏட்டுப் படிப்பில் முடிந்துபோகும் செய்தி அன்று.

வேறொரு குறையும் உண்டு. கல்வராயன் போன்ற காடடர்ந்த மலையில் செயற்கைக் கோள் காண்பது மரங்களையே. பாறையைக் காண்பதற்கு அதற்கு வழியில்லை. மரம் எந்தக் கல்லின்மேல் நிற்கிறது என்பதை அருகே சென்றவரே கூறமுடியும்.

எண்களின் சாட்சி

சாய்வை வானிலிருந்தே கணிக்க வழியில்லையா? உண்டு. ஒரே பாறை வரியின்மேல் மூன்று புள்ளிகளை எடுத்து, அவற்றின் உயரங்களை அறிந்தால், அந்த வரி அமைந்த தளத்தைக் கணக்கிடலாம். எடுத்துக்காட்டாக, இரண்டு புள்ளிகள் ஒரே உயரத்தில் உள்ளன. அவற்றை இணைக்கும் கோட்டுக்குச் செங்குத்தாக 100 மீட்டர் தள்ளி மூன்றாம் புள்ளி 50 மீட்டர் தாழ்ந்திருக்கிறது என்று கொள்வோம். சாய்வு ஏறத்தாழ 27 பாகை. ஆனால் உயரத்தில் 10 மீட்டர் பிழை நேர்ந்திருந்தால் விடை 22 பாகை முதல் 31 பாகை வரை எங்கும் இருக்கலாம். ஓர் அளவை மட்டும் நம்பினால் ஏமாற நேரும்.

இவ்விடத்தில்தான் புள்ளியியல் துணைக்கு வருகிறது. நூற்றுக்கணக்கான அளவைகளை எடுத்துச் சேர்க்க வேண்டும். ஆனால் திசைகளைச் சாதாரண எண்களைப் போல் கூட்டி வகுக்க இயலாது. வடக்கிலிருந்து 350 பாகை, 10 பாகை ஆகிய இரண்டுக்கும் சராசரி கண்டால் 180 என வரும், அது தெற்கு. உண்மையில் இரண்டும் வடக்கை ஒட்டியவை. திசைகளுக்கென்றே தனிக் கணிதம் தேவை. உருண்டையின்மேல் சிதறிய திசைகளுக்குரிய அத்தகைய முறை ஒன்றை ரொனால்டு ஃபிஷர் 1953இல் வகுத்துக் கொடுத்தார். அதற்குத் தூண்டுதலாக இருந்தது பாறைகளின் காந்தத் திசையைப் பற்றிய ஆராய்ச்சியே.

மடிப்புக்கு அக்கணிதம் எவ்வாறு உதவுகிறது? மாட்டுவண்டிச் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மடிந்த பாறையின் ஒவ்வோர் இடத்திலும் மேற்பரப்புக்குச் செங்குத்தாக ஒரு குச்சி நட்டதாகக் கருதினால், அக்குச்சிகள் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல் ஒரே தளத்தில் விரியும். சக்கரத்தின் அச்சு எதுவோ அதுவே மடிப்பின் அச்சு. எல்லா ஆரக்கால்களுக்கும் மிகப் பொருந்தும் அச்சைக் கணிதம் கண்டுபிடித்துத் தரும். ஆரக்கால்கள் தளத்தைவிட்டு எவ்வளவு விலகுகின்றன என்பதைக் கொண்டு, அந்த முடிவை எவ்வளவு நம்பலாம் என்பதையும் சொல்லும். சிதறல் மிகுதியாக இருந்தால், பாறை ஒரு முறை மடிந்ததோடு நிற்காமல் மீண்டும் வேறு திசையில் மடிந்திருக்கலாம் என்ற ஐயம் எழும்.

படப்புள்ளிகளை வகைப்படுத்துவதிலும் புள்ளியியலுக்குப் பங்குண்டு. நம் நாட்டு அறிஞர் மகலனோபிஸ் 1936இல் வகுத்த தொலைவு என்னும் அளவு, மனிதரின் உடல் அளவுகளை ஒப்பிடப் பிறந்தது. இன்று அது, ஒரு படப்புள்ளி இரும்புப் பாறையைச் சேர்ந்ததா, சார்னோக்கைட்டைச் சேர்ந்ததா, வெறும் மண்ணா என்று பிரித்தறியவும் பயன்படுகிறது. ஆனால் கணிப்பொறிக்கு முதலில் கற்பிக்க வேண்டும். இந்த இடத்தில் இருப்பது இரும்புப் பாறை என்று தரையில் நின்று உறுதி செய்தவர் ஒருவர் வேண்டும். அவர் குறித்த இடம் தவறானால் கணக்கு முழுதும் தவறாகும்.

இப்போது நம் வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது. செயற்கைக் கோள் வடிவத்தைக் காட்டுகிறது. புள்ளியியல் நம்பிக்கையின் அளவைக் காட்டுகிறது. இரண்டுக்கும் அடிப்படையான உண்மை, இடம் குறித்து எடுத்த தரை அளவையிலிருந்தே வருகிறது. ஃபூட் அத்தகைய அளவைகளை எடுத்தார். அதற்கு மேலாக, பிறர் சென்று சரிபார்க்கும் வகையில் இடத்தைக் குறித்து வைத்தார். அவருடைய முடிவுகளுட் சில பின்னர்த் திருத்தப்பட்டன. திருத்த முடிந்ததற்குக் காரணமும் அந்தக் குறிப்புகளே.

நமக்குரிய கடமை

நம் மாவட்டத்தில் நிலத்தடி நீரை நம்பியே பெரும்பாலான உழவர் வாழ்கின்றனர். கடினப் பாறைப் பகுதியாதலால், மேலே சிதைந்த மண்ணடுக்கிலும் பாறையின் வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்குகிறது. அந்த வெடிப்புகள் பாறையின் மடிப்போடும் வரியோடும் தொடர்புடையவை. கோளின் படத்தில் தெரியும் கோட்டை நம்பி ஆழ்துளைக் கிணறு தோண்டும் உழவருக்கு, அந்தக் கோடு வெடிப்பா, பழைய வண்டிப் பாதையா என்பது கடனோடு கூடிய வினா. அதற்கு விடை கூறத் தரையில் எடுத்த அளவைகள் வேண்டும்.

அந்த அளவைகளை எடுக்கும் வாய்ப்போ நாளுக்கு நாள் குறைந்து வருகிறது. ஃபூட் நின்ற பல்லாவரம் இன்று மாநகரத்தின் பகுதி. தமிழ்நாட்டின் பல குன்றுகள் கல்லுடைப்புக்கு இரையாகி வருகின்றன. ஜல்லியாகிப்போன பாறையின் சாய்வை எந்தக் கோளும் மீட்டுத் தராது. உடைப்பதற்கு முன் ஒருவர் அளந்து குறித்திருந்தால் அது ஏட்டிலாவது வாழும்.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. திசைகாட்டியும் சாய்வுமானியும் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இருக்கும். இடத்தின் குறுக்கு நெடுக்குக் கோட்டைக் கைப்பேசியே சொல்லிவிடும். இரும்புப் பாறையருகே கைப்பேசியின் திசைகாட்டியும் தடுமாறும் என்பதை மட்டும் மறவாதிருத்தல் வேண்டும். புதிதாக வெட்டிய கிணறு, சாலைக்காகக் குடைந்த மலைச்சரிவு, வற்றிய ஆற்றில் தலைகாட்டும் பாறை ஆகிய யாவும் நமக்குப் பாடநூல்களே. புவியியல் மாணவர் அளக்கட்டும். புள்ளியியல் மாணவர் கணக்கிடட்டும். வரலாற்று மாணவர் அருகில் கிடக்கும் சரளைக் கல்லையும் ஒரு முறை புரட்டிப் பார்க்கட்டும். மணலூர்ப்பேட்டை முதல் கல்வராயன் அடிவாரம் வரை, ஊருக்கொரு மாணவர் தம் ஊர்ப் பாறையின் திசையையும் சாய்வையும் இடம் குறித்துப் பதிவு செய்தால், சில ஆண்டுகளில் நம் பகுதிக்கென ஓர் அளவைத் தொகுப்பு உருவாகிவிடும். அயல்நாட்டில் பிறந்து நம் மலைகளில் நடந்த ஒருவர் தொடங்கிய பணியை, இம்மண்ணில் பிறந்த நாம் தொடர முன்வருவோமாக!